விமானங்கள் சூடிய குறிகள்

குடியரசு நாள் அணிவகுப்பின்போது தலைநகரின் வானில் பறந்து செல்லும் போர்விமானங்களை அண்ணாந்து பார்த்து மகிழாதார் இலர். அவற்றின் சிறகிலும் உடலிலும் வண்ண வட்டங்களும் பட்டைகளும் விலங்குருவங்களும் தீட்டப்பட்டுள்ளன. இவை அழகுக்காகவும் பெருமைக்காகவும் எழுதப்பட்டவை என்றே பெரும்பாலோர் கருதுவர். வரலாறு கூறுவது வேறு. தன் படையினரே தன்னைச் சுட்டு வீழ்த்தாதிருக்கும் பொருட்டு அஞ்சி எழுதப்பட்டவை அவை. பெருமை பின்னர் வந்து சேர்ந்தது.

1914 ஆகஸ்டில் முதல் உலகப் பெரும்போர் மூண்டபோது விமானம் பதினோராண்டும் நிரம்பாத இளங்குழவி. தரையில் நின்ற காலாட்படையினருள் பலர் அதற்குமுன் விமானத்தைக் கண்ணால் கண்டவரல்லர். தலைக்குமேல் இரைச்சல் கேட்டதும் துப்பாக்கியை உயர்த்திச் சுட்டனர். வருவது நம்மவரதா, மாற்றாரதா என ஆராய நேரமேது? ஆதலின் பிரிட்டிஷார் தம் விமானச் சிறகுகளின் அடிப்புறத்தே தேசக்கொடியைப் பெரிதாக எழுதிப் பார்த்தனர். அதனாலும் இடர் தீரவில்லை. உயரத்தே செல்லும்போது கொடியின் பிற கூறுகள் மங்கி, நடுவிலுள்ள சிலுவையே கண்ணுக்குப் புலப்பட்டது. ஜெர்மானியரோ தம் விமானங்களில் இரும்புச் சிலுவையை எழுதியிருந்தனர். காப்பதற்கென எழுதிய கொடியே காலனாக வந்து நின்றது.

பிரெஞ்சுக்காரர் இதற்கு முன்னரே வழி கண்டிருந்தனர். 1789ஆம் ஆண்டுப் புரட்சியின்போது பாரிஸ் மக்கள் தொப்பியில் செருகிக்கொண்ட மூவண்ண வட்டத்தை, 1912இலேயே அவர்கள் விமானங்களுக்கு உரிய குறியாக்கிவிட்டனர். நடுவில் நீலம், அதனைச் சூழ வெண்மை, புறத்தே சிவப்பு. பிரிட்டிஷார் அவ்வட்டத்தையே ஏற்று, நிறங்களை மட்டும் உள்வெளியாக மாற்றிக்கொண்டனர். 1914 முடிவதற்குள் மேலைப் போர்முனையில் வட்டம் ஒரு பக்கம், சிலுவை மறுபக்கம் என்னும் வழக்கு நிலைத்துவிட்டது.

வட்டம் நாட்டைக் காட்டும், அணியைக் காட்டாது. போர் வளர வளர, ஒரே வகை விமானத்தைப் பல அணிகள் ஓட்டின. அக்காலத்துச் சண்டை விமானத்தில் இருப்பவர் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளக் கருவி இல்லை. முகிலுக்குள் புகுந்து, சண்டையில் சிதறி வெளிவரும் ஒருவன், தன் கூட்டத்தைக் கண்டு சேரக் கண்ணையன்றி வேறு துணை பெற்றிலன். எனவே 1916 முதல் பிரிட்டிஷ் அணிகளுக்குத் தனிக் குறிகள் வகுக்கப்பட்டன. அவற்றில் கலைநயம் தேடுவது வீண். வெள்ளைப் பட்டை, சாய்கோடு, பிறை, முக்கோணம் என ஒரு நொடியில் விளங்கும் வடிவங்களே. போர்க்களத்தில் இன்ன வேந்தனின் வீரர் இவர் என அறிதற்பொருட்டுப் பனம்பூவும் வேம்பும் ஆரும் சூடப்பட்டமையைத் தொல்காப்பியப் புறத்திணையியலில் கற்றவர்க்கு இந்த ஏற்பாடு புதிதாகத் தோன்றாது.

ஆயினும் நண்பன் அறியும் குறியைப் பகைவனும் அறிவான். இன்ன குறி இன்ன ஊரில் இறங்கிற்று என்று ஒற்றர் எழுதி வைத்தால், படை எங்குக் குவிகிறது என்பது வெளியாகிவிடும். 1918 மார்ச்சில் ஜெர்மானியரின் பெருந்தாக்குதல் தொடங்கியபோது, பிரிட்டிஷ் அணிகள் பலவற்றின் குறிகள் மாற்றப்பட்டன. சிலவற்றில் அழிக்கவும் பட்டன. காட்டுவதா, மறைப்பதா என்னும் இவ்வழக்கு அன்று தொடங்கியது, இன்னும் முடிந்தபாடில்லை.

ஜெர்மானியர் நேர்மாறான வழியில் சென்றனர். குதிரைப்படையிலிருந்து விமானத்துக்கு வந்த மான்ஃபிரெட் ஃபான் ரிக்தோஃபென் தன் விமானத்துக்குச் செந்நிறம் பூசிக்கொண்டான். தலைவனை மட்டும் பகைவர் இனங்கண்டு தாக்கலாகாது என்று அவன் அணியினரும் செம்மை பூசிக்கொண்டனர். 1917 சூனில் நான்கு அணிகள் அவன்கீழ் ஒன்றாக்கப்பட்டன; மஞ்சள் ஓர் அணிக்கு, கறுப்பு வெள்ளைக் கோடுகள் ஓர் அணிக்கு என வண்ணங்கள் பெருகின. ‘பறக்கும் சர்க்கஸ்’ என்று எதிரிகள் பெயரிட்டனர். 1918 ஏப்ரல் 21இல் அவன் வீழ்ந்தபோது வயது இருபத்தைந்து. பகைவரே அவனைப் படை மரியாதையுடன் அடக்கம் செய்தனர்.

பிரெஞ்சு அணிகள் பறவையையும் விலங்கையும் நாடின. அவற்றுள் புகழ் மிக்கது நாரை. ஜெர்மனி 1871இல் கைப்பற்றிய அல்சாஸ் நாட்டின் அடையாளப் பறவை அது. இழந்த மண்ணை மீட்போம் என்னும் சூளுரை அச்சிறகில் அடங்கியிருந்தது. ஒரே நாரையை வெவ்வேறு நிலையில் பறக்கவிட்டு, ஒரு குழுவின் அணிகளைப் பிரித்துக் காட்டிய நுட்பம் பாராட்டுக்குரியது. இத்தாலியில் குதிரைப்படை அலுவலராயிருந்து விமானியான ஃபிரான்செஸ்கோ பராக்கா, பாயும் கருங்குதிரையைத் தன் விமானத்தில் எழுதிக்கொண்டான். முப்பத்துநான்கு வெற்றி கண்ட அவன் 1918 சூனில் மாண்டான். 1923இல் அவன் தாயார் அக்குதிரையை என்சோ ஃபெராரி என்னும் கார்ப்பந்தய வீரர்க்கு அளித்தார். இன்று ஃபெராரி கார்களில் காணும் குதிரை, மகனை இழந்த தாய் ஒருத்தியின் கொடை என்பதை அறிந்தோர் சிலரே.

போர் ஓய்ந்த பின்னர்தான் குறிகள் அணிகலன்களாயின. பிரிட்டிஷ் சண்டை விமானங்கள் வெள்ளிநிற உடலில் சதுரங்கக் கட்டங்கள் பூண்டு பறந்தன. 1936 முதல் அணிச் சின்னங்களுக்கு அரச ஒப்புதல் முறைப்படி வழங்கப்பட்டது. ஆனால் 1938இல் மீண்டும் போர்முகில் சூழ்ந்ததும், அக்கட்டங்கள் பச்சையும் பழுப்புமான வண்ணத்தின்கீழ் மறைந்தன. அணிக்கு இரண்டு எழுத்துகளே மிஞ்சின.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இந்தியர் முதலில் பறந்தது பிறர் வட்டத்தின் கீழ்த்தான். கல்கத்தாவில் பிறந்த இந்திர லால் ராய், பிரிட்டிஷ் 40ஆம் அணியில் சேர்ந்து, 1918 சூலையில் இரு வாரத்துக்குள் பத்து வெற்றிகள் பெற்று, அம்மாதம் 22ஆம் நாள் வானிலேயே உயிர்நீத்தான். அப்போது அவனுக்கு வயது பத்தொன்பது. அதே ஆண்டில் ஐதராபாத் நிஜாம் அளித்த பொருளால் பிரிட்டிஷ் 110ஆம் அணி விமானங்கள் பெற்றது. நிஜாமின் சின்னத்திலிருந்த புலி பின்னாளில் அவ்வணியின் சின்னத்திலும் ஏறிற்று. இரண்டாம் உலகப் போரில் 152ஆம் அணிக்கு நிஜாமின் தலைப்பாகையே சின்னமாயிற்று. ‘நம்பிக்கைக்குரிய நேசர்’ என்பது அதன் வாசகம். 1948இல் ஐதராபாத் அரசு இந்தியாவோடு இணைந்த பின்னரும் அத்தலைப்பாகை பிரிட்டிஷ் அணியோடு வாழ்ந்தது. நிஜாம் 1967இல் காலமானார். அவ்வணியும் அதே ஆண்டில் கலைக்கப்பட்டது.

சென்னை மாகாணத்திலிருந்து திரண்ட போர்நிதிக்கும் கைம்மாறு கிடைத்தது. 79, 234, 264 ஆகிய மூன்று பிரிட்டிஷ் அணிகள் ‘சென்னை மாகாணம்’ என்னும் அடைமொழி பெற்றன. ஆனால் அவற்றின் சின்னங்களைப் பாருங்கள்: தீயில் வாழ்வதாகப் பழங்கதை கூறும் உயிரினம் ஒன்று, நெருப்புமிழும் டிராகன் ஒன்று, தலைக்கவசம் ஒன்று. சென்னையைக் காட்டும் ஒரு பனையோ படகோ அங்கில்லை. ஒரு மன்னரின் பொருள் உருவமாயிற்று. பல்லாயிரம் எளியோரின் பொருள் வெறும் பெயராய் நின்றுவிட்டது.

இந்திய விமானப்படை 1932 அக்டோபர் 8இல் சட்டத்தால் தோன்றியது. அதன் முதல் அணி 1933 ஏப்ரல் 1இல் கராச்சியில் நான்கு வாபிட்டி விமானங்களோடு தொடங்கிற்று. தில்லியிலுள்ளோர் பாலம் அருங்காட்சியகத்தில் ஒரு வாபிட்டியைக் காணலாம். 1942இல் பர்மாப் போர்முனையில் பழைய இடர் புதுவடிவில் தலைகாட்டியது. ஜப்பானியரின் குறி செஞ்சூரியன். பிரிட்டிஷ் வட்டத்தின் நடுவிலும் சிவப்பு. தொலைவில் இரண்டும் ஒன்றாகத் தோன்றவே, இந்தியாவிலும் பர்மாவிலும் பறந்த விமானங்களின் வட்டத்தினின்று சிவப்பு நீக்கப்பட்டது. அமெரிக்கரும் தம் வெண்மீனின் நடுவேயிருந்த செம்பொட்டை அவ்வாண்டு மே மாதத்தில் அழித்தனர். கொடி எழுதிக் கெட்ட 1914ஆம் ஆண்டின் பாடத்தை, இருபத்தெட்டு ஆண்டு கழித்து மறுபடியும் படித்தனர்.

1947இல் விடுதலை வந்ததும் நம் விமானங்கள் அசோகச் சக்கரத்தைத் தாங்கின. பின்னர்ப் புறத்தே காவி, இடையே வெண்மை, நடுவே பச்சை என மூவண்ண வட்டம் அமைந்தது. அணிகளும் தமக்கெனப் பெயரும் சின்னமும் பூண்டன: முதல் அணி ‘புலிகள்’, மூன்றாம் அணி ‘நாகங்கள்’, ஏழாம் அணி ‘போர்க்கோடரிகள்’. கோயம்புத்தூரை அடுத்த சூலூரில் 2020இல் 45ஆம் அணியான ‘பறக்கும் குத்துவாள்கள்’, 18ஆம் அணியான ‘பறக்கும் குண்டுகள்’ ஆகிய இரண்டும் உள்நாட்டில் ஆக்கப்பெற்ற தேஜஸ் விமானங்களை ஓட்டின. தஞ்சாவூரில் 2020 சனவரி 20இல் சுகோய் விமானங்களோடு நிலைபெற்ற 222ஆம் அணிக்குப் ‘புலிச்சுறாக்கள்’ என்று பெயர். தஞ்சைக்கு வருமுன்பே அவ்வணி தாங்கியிருந்த பெயர் அது. சோழரின் புலியும் பாண்டியரின் மீனும் ஒரே பெயருக்குள் கூடியது தற்செயலே. ஆயினும் தஞ்சைக்காரர்க்கு அதனைச் சொல்லி மகிழ உரிமை உண்டு.