கோல்களின் நட்புறவு: ஒரு கூட்டு முத்திரை வெளியீடு பற்றிய குறிப்புகள்

அரசு எழுதும் பிரதிகளுள் மிகச் சிறியது தபால் முத்திரையாகும். அச்சிறுமை காரணமாகவே பண்பாட்டு ஆய்வாளர் பலர் அதனைச் சேகரிப்போரின் பொழுதுபோக்குக்கு விட்டுவிட்டனர். ஆயின் ஓர் ஆளும் வர்க்கம் எதனை நினைவுகூர விரும்புகின்றது, எதனை மறந்துவிட விரும்புகின்றது என்பன நாணயத்துக்கு அடுத்தபடியாக முத்திரையிலேயே துலக்கமாகப் புலப்படுகின்றன. நாட்டார் கலை முத்திரையில் ஏறும்பொழுது இவ்வினா மேலும் கூர்மையடைகின்றது.

2017 யனவரியிலே போர்த்துக்கேயப் பிரதமர் அந்தோனியோ கொஸ்தா இந்தியாவுக்கு வருகை தந்தவேளை, இரு நாடுகளின் தபால் துறைகளும் கூட்டாக இரண்டு முத்திரைகளை வெளியிட்டன. ஒன்றில் குஜராத்தின் தாண்டியா. மற்றையதில் போர்த்துக்கலின் வடகிழக்கு மூலையிலுள்ள மிராண்டாப் பிரதேசத்தின் பௌலிதெய்ரோஷ். இரண்டும் கோல்களை அடித்து ஆடப்படுவன. இந்த உருவ ஒற்றுமையே தெரிவுக்கு அடிப்படை என்பது வெளிப்படை. கோலாட்டத்தையும், கிழக்கிலங்கை முஸ்லிம்களின் பொல்லடியையும், சிங்களக் கிராமங்களின் லீகெளியையும் அறிந்த நமது வாசகருக்கு இவ்வொற்றுமை வியப்பளிக்காது. கோலாட்டங்கள் உலகின் பல பாகங்களில் உள்ளன. எனவே, கோலோடு கோல் ஒத்திருப்பது கொண்டு இவ்விரு நாடுகளுக்கும் உரிய தனித்த உறவு எதுவும் விளக்கம் பெறுவதில்லை.

அவ்வுறவு வேறிடத்திலே உள்ளது. தாண்டியா ஆடப்படும் அதே குஜராத்துக் கரையிலே 1535இல் தியூவிலும் 1559இல் தமனிலும் போர்த்துக்கேயர் நிலைகொண்டனர். கடற்பயணத்துக்குக் ‘கர்த்தாஸ்’ எனப்பட்ட அனுமதிச் சீட்டை வாங்குமாறும் தமது துறைகளிலே சுங்கம் செலுத்துமாறும் குஜராத்தி வணிகரை அவர்கள் நிர்ப்பந்தித்தனர். யாழ்ப்பாண இராச்சியத்தை 1619இல் முடிவுக்குக் கொண்டுவந்த அதிகாரமும் இதுவே. கோவாவில் 1871 முதல் வெளியான காலனித்துவ முத்திரைகளும், வாஸ்கோ ட காமா வருகையின் நானூறாவது ஆண்டைக் கொண்டாடிய 1898ஆம் ஆண்டு வெளியீடும் அவ்வதிகாரத்தை மறைக்க முயலவில்லை, பறைசாற்றின. கோவாவும் தமனும் தியூவும் 1961 டிசெம்பரில் இந்திய இராணுவத்தின்வழி விடுவிக்கப்பட்டன. அதனை லிஸ்பன் ஏற்றுக்கொண்டதோ 1974 ஏப்பிரல் 25இல் பாசிச ஆட்சி வீழ்ந்த பின்னரே. அவ்வாண்டின் இறுதியில் ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. ஆபிரிக்க மக்களின் விடுதலைப் போர்களால் களைத்த படையினர் லிஸ்பனில் கிளர்ந்தெழுந்திராவிடில், முத்திரை கொண்டாடும் நட்பு அன்று சாத்தியமாகியிராது.

இதனைக் கூறுமிடத்து, குஜராத்தின் பக்கம் முழுவதையும் பாதிக்கப்பட்டோர் பக்கமாக வருணிப்பது தேசியவாத எளிமைப்படுத்தலாகும். தியூவின் வணிகக் குழாத்துக்கு 1686இல் மொசாம்பிக் வணிகத்தில் ஏகபோக உரிமை வழங்கப்பட்டது. குஜராத்தில் நெய்யப்பட்ட துணி ஆபிரிக்கக் கரையிலே யானைத் தந்தத்துக்கும், காலப்போக்கில் அடிமைகளுக்கும் பண்டமாற்றாயிற்று. நெசவாளனின் உழைப்பும் அடிமையின் உடலும் ஒரே கணக்கேட்டில் இடம்பெற்றன. பேரரசும் உள்ளூர் வணிக மூலதனமும் கொண்டிருந்த ‘நட்புறவு’ மிகப் பழையதே. ஆயினும் எம்முத்திரையும் அதனை நினைவுகூரவில்லை.

மிராண்டாவின் ஆட்டமோ தனக்கென ஒரு துன்ப வரலாற்றைக் கொண்டது. எண்மர் கூடி, பாவாடை போன்ற வெண்ணிற உடையும் பூச்சூடிய தொப்பியும் அணிந்து, தோற்பைக் குழலுக்கும் பறைகளுக்கும் ஏற்ப ஆடுவர். ‘ல்லாசோஷ்’ எனப்படும் ஆட்டக்கூறுகளின் பாடல்களிலே மிராண்டமொழி பயில்கின்றது. வறண்ட மேட்டுநிலக் குடியானவரின் வீட்டுமொழியான அது நகரத்தாரால் ஏளனம் செய்யப்பட்டது. 1950களிலும் 60களிலும் தோரோ ஆற்றில் எழுந்த அணைக்கட்டுகள் வெளியிலிருந்து தொழிலாளரைக் கொணர்ந்தன. உள்ளூர் இளைஞர் வேலை தேடிப் பிரான்சுக்குச் சென்றனர். மொழியும் ஆட்டமும் ஒருங்கே தேய்ந்தன. 1999இலேதான் அம்மொழிக்குச் சட்டபூர்வமான அங்கீகாரம் நடைமுறைக்கு வந்தது.

ஆனால் ஆட்டத்தை அங்கீகரிக்க அரசு அத்துணை தாமதிக்கவில்லை. 1933இல் நிறுவப்பட்ட சலசாரின் பிரசாரச் செயலகம் ‘அப்பழுக்கற்ற கிராமம்’ என்னும் கற்பிதத்தை வளர்த்தது. 1938இல் ‘மிகவும் போர்த்துக்கேயத்தன்மை வாய்ந்த கிராமம்’ எதுவெனப் போட்டி வைத்து மொன்சாந்தோவுக்குப் பரிசளித்தது. 1941இல் பிரதேச உடைகள் முத்திரைகளாயின. மிராண்டாவின் ஆட்டக்காரரோ 1934இலேயே இலண்டன் அல்பேட் மண்டபத்தில் ஆடிவிட்டனர். குடியானவனின் உடை போற்றப்பட்டது. அவன் சங்கம் அமைக்கும் உரிமை மறுக்கப்பட்டது. இவ்விரண்டும் ஒரே கொள்கையின் இரு கூறுகள் என்றே கொள்ளல் வேண்டும். 2017ஆம் ஆண்டின் ஜனநாயக அரசைச் சலசாரின் அரசோடு சமன் செய்வது நமது நோக்கமன்று. எனினும் பெயரற்ற, உழைப்பற்ற, காலமற்ற நாட்டாரைச் சித்திரிக்கும் முறை பெரிதும் மாறாதிருப்பது கவனிக்கற்பாலது.

தாண்டியாவின் நிலையும் இதற்குப் புறம்பானதன்று. நவராத்திரி இரவுகளின் வட்டம் இன்று அனுமதிச் சீட்டு விற்கும் பெருவணிகமாயிற்று. அவ்விழாக்களிலே முஸ்லிம்களை நுழையவிடலாகாதென இந்துத்துவ அமைப்புகள் பகிரங்கமாகக் கோரியுள்ளன. முத்திரையிலுள்ள வட்டத்துக்குள் யார் நிற்கலாம் என்பதே இன்று குஜராத்தில் அரசியற் பிரச்சினை.

கொஸ்தாவின் வருகையில் முதலீட்டு மாநாடும் அடங்கியிருந்தது. அவரது கோவா வம்சாவளி பற்றிப் பத்திரிகைகள் விரிவாக எழுதின. தந்தையார் ஒர்லாந்தோ ட கொஸ்தா கோவாவில் வளர்ந்தவர். போர்த்துக்கேயப் பொதுவுடைமைக் கட்சியைச் சேர்ந்தவர். சலசாரின் இரகசியப் பொலிசாரால் சிறைவைக்கப்பட்ட எழுத்தாளர். 1961இல் வெளியான அவரது நாவல் ‘ஓ சிக்னோ த இரா’ கோவாவின் நெல்வயல்களிலே உழைத்த ஏழைக் கூலியாட்களைப் பற்றியது. அத்தகைய உழைப்பாளருள் அடங்குவோரான குன்பி மக்களுக்கும் தமக்கேயுரிய நடனம் உண்டு. போர்த்துக்கேய ஆட்சியும் இந்திய நிலவுடைமையும் ஒருங்கே அழுத்திய வயல்களில் வாழ்ந்தோரின் ஆட்டம் அது. இரு நாடுகளின் உறவைச் சித்திரிக்க அதனினும் பொருத்தமான நாட்டார் கலை வேறில்லை. தெரிவாளர்கள் அதனை விடுத்து, ஒன்றையொன்று ஒருபோதும் சந்தித்திராத இரு ஆட்டங்களை அருகருகே வைத்தனர்.