வயிறும் வவுறும்: ஒரு சொல்லின் பொருள்வரலாறு

'வயிறு' என்னும் சொல்லுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் முதலில் உதரத்தைப் பொருளாகத் தருகிறது. அதன் பின்னரே கருப்பை, நடுவிடம், உள்ளிடம் என்று நகர்கிறது. அகராதியின் வரிசை எண்கள் வரலாற்றைச் சொல்ல வந்தவை அல்ல என்று 1926 முதல் அதன் பதிப்பாசிரியராக இருந்த எஸ். வையாபுரிப்பிள்ளைக்காக யாரும் வாதாடலாம். ஆனால் அந்த வரிசையை வரலாறாகவே படிக்கும் பழக்கம் நம்மிடையே ஊன்றிவிட்டது. சோறு தங்கும் இடம்தான் முதற்பொருள், பிள்ளை தங்கும் இடம் அதிலிருந்து விரிந்த பொருள் என்பது அந்தப் படிப்பு.

அதை என்னால் ஏற்க இயலவில்லை. புறநானூறு 86ஆம் பாடலில், மகன் எங்கே என்று கேட்டவளுக்குக் காவற்பெண்டு தன் வயிற்றையே காட்டுகிறாள். அது புலி தங்கிச் சென்ற குகை என்கிறாள். இந்த வயிற்றுக்கும் உணவுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. திருக்குறள் 412 வயிற்றை உணவு கேட்கும் இடமாகச் சொல்கிறது. 936ஆம் குறளில் சூதாடி நிரப்ப முடியாமல் அல்லற்படுவதோ வயிற்றின் இன்னொரு பெயரான 'அகடு'. குறளைச் சங்கப் பாடல்களுக்கு வெகுவாகப் பின்னே தள்ளியவர் வையாபுரிப்பிள்ளை. அவருடைய காலக்கணக்கின்படியே இவ்விரு நூல்களையும் வைத்துப் பார்த்தால், கருப்பைப் பொருள் முந்தியதாகவும் உணவுப் பொருள் பிந்தியதாகவும் ஆகிவிடும்! இதை நான் சான்றாகக் கொள்ளவில்லை. ஒரு பாட்டு முந்தியது என்பதால் அதில் வரும் பொருள் முந்தியதாகிவிடாது. எது முன், எது பின் என்ற கேள்வியே இச்சொல்லுக்குப் பொருந்தவில்லை என்பதுதான் என் வாதம்.

பொருநராற்றுப்படையின் தொடக்கத்தில் வரும் யாழ் வருணனை இதற்கு நல்ல சான்று. யாழின் பத்தரைப் போர்த்திய தோலின் பொருத்துவாய், சூல் இன்னும் வெளித்தெரியாத இளம்பெண்ணின் வயிற்றில் ஓடும் மெல்லிய மயிரொழுங்குக்கு உவமிக்கப்படுகிறது. இங்கே வயிறு வெளியே தெரியும் தோல். அதேவேளை உள்ளே சூலைக் கொண்ட இடமும் அதுவே. இதற்கு நேராக லெக்சிகனின் எந்த எண்ணை இடுவது? இரைப்பை என்றால் உவமை கெடும். கருப்பை என்றால் மயிரொழுங்குக்கு இடமிருக்காது. உறுப்பு எதையும் பெயரிடாமல், கொள்ளும் இடத்தையே பெயரிட்ட சொல் இது.

அண்டை மொழிகளைப் பார்த்தால் இது தெளிவாகும். ஆங்கிலத்தில் இன்று கருப்பையை மட்டும் குறிக்கும் 'வூம்' பழங்காலத்தில் ஆண் பெண் இருபாலர் வயிற்றுக்கும் பொதுவாக இருந்தது. பையைக் குறித்த சொல்லிலிருந்து 'பெல்லி' வந்தது. தொண்டையைக் குறித்த கிரேக்கச் சொல்லிலிருந்து 'ஸ்டமக்' வந்தது. இவ்விரண்டும் இடம்பிடித்த பிறகு பழைய சொல் தாய்மைக்குள் ஒதுங்கிற்று. கன்னடத்திலும் இதே கதைதான். பழங்கன்னட 'பசிர்' வயிறு, கரு, உள்ளிடம் மூன்றையும் குறித்தது. இன்று சோற்று வயிற்றை 'ஹொட்டெ' எடுத்துக்கொள்ள, 'பசிரு' கர்ப்பமாகச் சுருங்கிவிட்டது. சேலம், நாமக்கல் சமவெளியில் கன்னடம் பேசும் தேவாங்க நெசவாளரும் தமிழ் நெசவாளரும் நெடுங்காலமாக அக்கம்பக்கத்தில் வாழ்கிறார்கள். சுருங்கிய சொல்லும் சுருங்காத சொல்லும் ஒரே மண்ணில் புழங்கியிருக்கின்றன.

தமிழில் இச்சொல் சுருங்கியதா? சோழர் கல்வெட்டுகளின் ஒரு தொடர் இதற்கு உதவக்கூடும். கண்டராதித்தரின் தேவி செம்பியன் மாதேவியைப் பல கல்வெட்டுகள் உத்தமசோழரைத் 'திருவயிறு வாய்த்த' பிராட்டியார் என்று குறிக்கின்றன. வயிற்றில் பிறந்த என்றோ, வயிற்றினின்று உதித்த என்றோ சொல்லவில்லை. வேற்றுமை உருபு எதுவும் வயிற்றோடு சேரவில்லை. 'உத்தமசோழரை' என்ற இரண்டாம் வேற்றுமையை ஏற்பது 'திருவயிறு வாய்த்த' என்ற முழுத்தொடர். பெறுதல் என்ற வினையின் இடத்தில் அது நிற்கிறது. கோனேரிராசபுரத்துக் கல்வெட்டோ அதே உத்தமசோழரைத் 'திருமகனார்' என்று எளிதாகச் சொல்லிச் செல்கிறது. வெறும் மரியாதை வாய்பாடு என்று 'திருவயிற்றை' ஒதுக்குவோர் இதைக் கணக்கில் கொள்ள வேண்டும். மரியாதைக்குத் 'திருமகனார்' போதும். கர்ப்பம், உதரம் போன்ற வடசொற்கள் கைக்கெட்டிய தூரத்தில் இருந்தும் அரசமாதாவைச் சொல்லும் இடத்தில் 'வயிறு' வெட்டப்பட்டது என்றால், 10ஆம் நூற்றாண்டில் அச்சொல் முழுமை குன்றாமல் நின்றது என்று கொள்வதில் தவறில்லை. சான்று ஒற்றை வாய்பாடுதான், இருந்தும் வலுவானது.

சுருங்கியது வேறொரு சொல். திருப்பாவை 5ஆம் பாசுரம் தாயின் கருவிடத்தைக் 'குடல்' என்கிறது. 25ஆம் பாசுரத்தில் கஞ்சனின் அச்சம் குடிகொள்வது வயிற்றில். ஆண்டாளின் காலம் பற்றிய விவாதம் இன்னும் முடியவில்லை; அதை எங்கே வைத்தாலும் குடல் பின்னாளில் வெறும் குடலாக ஒடுங்கியது, வயிறு ஒடுங்கவில்லை. வயிற்றைக் குறித்த அகடும் மோடும் நிகண்டுகளோடு நின்றுவிட்டன. கிறித்தவத் தமிழிலும் இந்த இழுபறி தெரிகிறது. கத்தோலிக்கரின் 'அருள் நிறைந்த மரியே' செபம் மரியாளுக்குத் 'திருவயிறு' என்றது. லூக்கா 1:42ஐப் புரொட்டஸ்டன்ட் மொழிபெயர்ப்பு 'கர்ப்பம்' என்றது.

நாமக்கல் மாவட்டத்து வெண்ணந்தூர்ப் பக்கத்துப் பேச்சில் இச்சொல் 'வவுறு'. 'வகுறு' என்றும் உண்டு. நூல் விலை ஏறினால் தறிக்காரர் 'வவுத்துல அடிக்கறாங்க' என்பார். மகளின் மகன் 'மக வவுத்துப் பேரன்'. முழுகாமல் இருப்பவள் 'வாயும் வவுறுமா இருக்கறா'. பிழைப்பு, வம்சம், சூல் மூன்றுக்கும் ஒரே சொல்.

இதன் ஒலிவடிவம்தான் சிக்கல். தமிழ் யகரத்துக்குக் கன்னடத்தில் சகரம் வருவது பெருவழக்கு: உயிர் - உசிர், பெயர் - ஹெசரு, வயிறு - பசிர். நம் பேச்சுத்தமிழும் 'உசுரு', 'மசுரு', 'அசலூரு' என்று சகரத்தைக் காக்கிறது. இதே கணக்கில் 'வசுறு' கிடைக்க வேண்டும், கிடைப்பதோ 'வவுறு'. உகரத்தின் சாயலால் யகரம் வகரமாயிற்று என்று விளக்கலாம். ஆனால் 'உசுரு' ஏன் அப்படி ஆகவில்லை என்பதற்கு அது விடையாகாது. வயிற்றைக் கருவுற்றவளின் ஆசையாகிய 'வயா'வோடு இணைக்கத் தோன்றும். தொல்காப்பிய உரியியலே 'வயா'வை மிகுந்த வேட்கை என்கிறது. கன்னடத்தில் அதற்கு ஒத்தது 'பயகெ'. அங்கே யகரம் அப்படியே நிற்கிறது. சகரம் வரும் சொல்லையும் வராத சொல்லையும் ஒரே வேரில் கட்டுவது எளிதல்ல. 'பசிர்' என்பதைப் பசியோடு சேர்ப்பது அதைவிடப் பிழை. பசியின் கன்னட வடிவம் 'ஹசிவு'; அதன் முதலெழுத்துப் பழைய வல்லினப் பகரம், 'பசிரு'டையதோ வகரத்திலிருந்து வந்தது.

ஆகவே சொல்லின் பிறப்பு முடிவாகவில்லை; யகரம் வகரமான காலமும் அப்படியே. பொருளைப் பொறுத்தவரை, லெக்சிகனின் கடைசிப் பொருளாகிய 'உள்ளிடம்' தலைப்புக்கு வர வேண்டும்; உணவும் கருவும் அதன் கீழ் ஒரே வரிசையில் அமர வேண்டும். வயாவுக்கும் வயிற்றுக்கும் உறவுண்டு என்பவர்கள் முதலில் அந்தக் கன்னடச் சகரத்துக்கு விடை சொல்லட்டும்.