கோட்டுக்குள்ளே ஓர் எழுத்தும் நாலு எண்ணும்

அமெரிக்க ராணுவத்தின் பழைய கம்பளி ஓவர்கோட்டுகளைச் சேகரிப்பவர்கள் கோட்டைக் கையில் வாங்கியதும் முதலில் இடது தோளைத்தான் பார்ப்பார்கள். அங்கே தைத்திருக்கும் துணிச் சின்னம்தான் விலையைத் தீர்மானிக்கிறது. ஒரே வருஷம், ஒரே கம்பெனி தைத்த இரண்டு கோட்டுகள் இருக்குன்னு வச்சுக்குங்க. ஒன்றின் தோள் வெறுமையாக இருக்கிறது. இன்னொன்றில் 101-ஆம் வான்வழி டிவிஷனின் வெள்ளைக் கழுகுத் தலை இருக்கிறது. இரண்டாவது பல மடங்கு விலை போகும். என் கட்சி வேற. முதலில் பார்க்க வேண்டிய இடம் உள்ளே, லைனிங்கில் இருக்கு.

இரண்டாம் உலகப் போர்க் காலத்துச் சிப்பாயின் கோட்டு எப்படி இருக்கும்னு முதல்ல சொல்லிடறேன். பச்சை கலந்த பழுப்பு நிறம். மெல்டன் என்ற தடித்த கம்பளி. ஒரு கெஜமே 32 அவுன்ஸ், அதாவது சுமார் 900 கிராம். முன்னால் இரண்டு வரிசை பட்டன். பட்டனை வைத்தே காலத்தை ஓரளவு சொல்லிடலாம். முதல் உலகப் போரில் கறுத்த வெண்கலம், அதற்குப் பிறகு பளபளக்கும் பித்தளை, 1942 வாக்கில் பித்தளையைப் போர்த் தேவைக்கு மிச்சம் பிடிக்க பிளாஸ்டிக். ஆனால் பட்டனை அஞ்சு நிமிஷத்தில் மாற்றித் தைத்துவிடலாம். அதனால் உள்பையில் தைத்திருக்கும் துணி லேபிளை நம்புவது மேல். தைத்த கம்பெனி, ஒப்பந்த எண், தேதி, அளவு எல்லாம் அதில் இருக்கும். தேதி ஒப்பந்தத்தின் தேதி, சிப்பாயின் கைக்கு வந்த தேதி இல்லை. இதைக் குழப்பிக்கிறவங்க நிறைய.

தோள் சின்னம் என்ற வழக்கமே 1918-இல்தான் பிறந்தது. தென் கரோலினாவின் கேம்ப் ஜாக்சனில் பயிற்சி பெற்ற 81-ஆம் டிவிஷன், காட்டுப்பூனை உருவத்தைத் தோளில் தைத்துக்கொண்டு பிரான்ஸுக்குப் போய் இறங்கியது. இவங்களுக்கு மட்டும் எதுக்கு தனி அடையாளம்னு மற்ற படைகள் முணுமுணுத்தன. விஷயம் ஜெனரல் பெர்ஷிங்கின் தலைமையகம் வரை போனது. பூனையைப் பிய்க்கச் சொல்லாமல், மற்ற டிவிஷன்களும் தங்களுக்கு ஒரு சின்னம் வைத்துக்கொள்ளட்டும் என்று 1918 அக்டோபரில் உத்தரவு வந்தது. நவம்பர் 11-இல் போர் முடிந்துவிட்டது. கணக்குப் போட்டுப் பாருங்க. முதல் உலகப் போர்க் கோட்டுகளில் இருக்கும் தோள் சின்னங்களில் பெரும்பாலானவை, குண்டுச் சத்தம் ஓய்ந்த பிறகு, ஊருக்குத் திரும்பக் கப்பலுக்குக் காத்திருந்த மாதங்களில் தைத்தவை. அங்கங்கே கிடைத்த துணியில், உள்ளூர்த் தையல்காரர் கையால் செய்தவை. ஒரே டிவிஷனின் சின்னம் பத்து விதமாக இருக்கும்.

அந்தக் காலத்துக் கைகளைப் படிக்கத் தெரிந்தால் ஒரு மனிதரின் போர் வாழ்க்கையே கிடைக்கும். இடது மணிக்கட்டுப் பக்கம் தங்க நிற ‘வி’ பட்டை ஒன்று இருந்தால் ஆறு மாதம் கடல் கடந்த சேவை. இரண்டு இருந்தால் ஒரு வருஷம். அதே தங்கப் பட்டை வலது கையில் இருந்தால் காயம். வெள்ளிப் பட்டைன்னா உள்நாட்டிலேயே இருந்தவர். இடது மேல்கையில் கூரை மாதிரி மேல்நோக்கிய சிவப்புப் பட்டை, ‘கௌரவமாக விடுவிக்கப்பட்டவர்’ என்பதற்கு அடையாளம். சீருடையைச் சிப்பாய்களே வைத்துக்கொள்ளலாம் என்று 1919-இல் சட்டம் வந்தது. வெளியே போட்டுக்கொண்டு போக இந்தச் சிவப்புப் பட்டை வேண்டும். அதிகாரிகளின் கோட்டில் வேறு ஏற்பாடு: கையில் கறுப்பு நாடா வளையங்கள், கேப்டனுக்கு இரண்டு, மேஜருக்கு மூன்று, கர்னலுக்கு ஐந்து.

இரண்டாம் போரில் கையிலிருந்த பேச்சு குறைந்து, தோளுக்கு முக்கியத்துவம் வந்தது. இடது தோளில் இப்போதைய படை. போரின் கடைசிக் கட்டத்திலிருந்து, முன்பு போரில் சேவை செய்த படையின் சின்னத்தை வலது தோளில் போடலாம் என்றும் ஆனது. ஓவர்கோட்டை முன்னணிச் சிப்பாய்கள் அவ்வளவாக விரும்பவில்லை. நனைந்தால் பாறாங்கல். 1944 இலையுதிர் காலத்தில் பெட்ரோலுக்கும் குண்டுக்கும் முன்னுரிமை கொடுத்து, குளிர்கால உடைகளைப் பின்னுக்குத் தள்ளியதைப் பிற்பாடு ஜெனரல் பிராட்லியே எழுதியிருக்கிறார். அந்தக் குளிரில் பாதம் அழுகி மருத்துவமனைக்குப் போனவர்கள் ஆயிரக்கணக்கில். ஆகவே ‘முன்னணியில் நின்ற கோட்டு’ என்று மடிப்புக் கலையாமல் ஒன்று விற்பனைக்கு வந்தால் நான் கொஞ்சம் தள்ளி நின்றே பார்ப்பேன்.

இப்போ லைனிங்குக்கு வருவோம். துணி வெளுக்கப் போட்டால் மாறிவிடக் கூடாதென்று சிப்பாய்கள் உடையில் ஒரு குறி இடுவார்கள். குடும்பப் பெயரின் முதல் எழுத்து, பக்கத்தில் ராணுவ எண்ணின் கடைசி நாலு இலக்கம். மை மங்கியிருக்கும். அதனால்தான் பலர் கவனிப்பதே இல்லை.

இதன் மதிப்பு தெரியணும்னா 1973-க்குப் போகணும். ஜூலை 12, செயின்ட் லூயிஸ் நகருக்குப் பக்கத்தில் தேசியப் பணியாளர் ஆவண மையத்தின் ஆறாவது மாடியில் தீப்பிடித்தது. தானாகத் தண்ணீர் தெளிக்கும் குழாய் அந்த மாடியில் இல்லை. 1.6 கோடி முதல் 1.8 கோடி வரை கோப்புகள் போயின. 1912 நவம்பர் முதல் 1960 ஜனவரி வரை ராணுவத்திலிருந்து விடுபட்டவர்களின் கோப்புகளில் 80 சதவீதம். நகல் கிடையாது, மைக்ரோஃபிலிம் கிடையாது. இரண்டு உலகப் போர்களின் தரைப்படைச் சிப்பாய்களும் இந்தக் கணக்கில் வந்துவிடுகிறார்கள். தாத்தா எந்தப் படையில் இருந்தார் என்று கேட்டு எழுதிய பேரப்பிள்ளைகள் பலருக்கு ‘தீயில் போய்விட்டது’ என்பதே பதில்.

மிஞ்சியதில் ஒன்று ராணுவச் சேர்க்கைப் பட்டியல். துளையட்டைகளிலிருந்து மீட்டது, சுமார் 90 லட்சம் பதிவுகள். பெயர், எண், பிறந்த வருஷம், ஊர், தொழில் இருக்கும். பிறகு எந்தப் படைக்குப் போனார் என்பது இருக்காது. இப்போ கணக்கு: ஒரு நாலு இலக்கத்துக்குச் சராசரியாக 900 பேர் வருவார்கள். முதல் எழுத்து ‘எஸ்’ போலப் பரவலானது என்றால் பல பத்துப் பேர் மிஞ்சுவார்கள்; ‘க்யூ’ என்றால் ஒருவரோ இருவரோ. அந்தப் பல பத்துப் பேரில் சரியான ஆளைக் கண்டுபிடிக்க உதவுவது தோளில் இருக்கும் சின்னம். இன்ன டிவிஷன் என்று தெரிந்தால் அந்தப் படையின் பட்டியல்கள், உள்ளூர்ப் பத்திரிகைகள் என்று தேடிப் போகலாம்.

வியாபாரி ஒருத்தர் நல்ல விலைக்காக சாதாரணச் சின்னத்தைப் பிய்த்துவிட்டுக் கழுகுத் தலையைத் தைத்தால், வாங்குகிறவர் ஏமாறுவது ஒரு பக்கம். அந்த மையெழுத்துக்கு உரியவரைக் கண்டுபிடிக்கும் வழியும் அதோடு அடைபட்டுப் போகிறது. காகிதம் எரிந்துவிட்டது, கம்பளியில் இருந்ததையும் கத்தரித்தாயிற்று. இதற்கு ‘மெருகேற்றல்’ என்று பெயர் வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

மோசடியைக் கண்டுபிடிக்கச் சில வழிகள் உண்டு. புற ஊதா விளக்கில் புதிய நூல் நீலமாக ஒளிரும். பழைய பருத்தி ஒளிராது. ஆனால் பழைய கோட்டை இன்றைய சோப்புத்தூளில் துவைத்திருந்தால் அதுவும் ஒளிரும், அவசரப்பட வேண்டாம். ஓரம் முழுக்கத் தடித்த நூல் சுற்றிய சின்னம் பெரும்பாலும் 1960-களுக்குப் பிந்தியது. கோட்டில் ஓட்டையும் சின்னத்தில் ஓட்டை இல்லாமலும் இருந்தால் சிலர் உடனே போலி என்பார்கள். அந்துப்பூச்சி கம்பளியைத்தான் தின்னும், பருத்தியைத் தொடாது, எனவே அது சாட்சி ஆகாது. சீரில்லாத கைவேலையும் சாட்சி ஆகாது. சீனா-பர்மா-இந்தியா களத்துச் சின்னம், ஒரு கேடயத்தில் சீனச் சூரியனும் இந்திய நட்சத்திரமும், நிறைய இந்தியாவிலேயே தைக்கப்பட்டது. நம்ம ஊர் ஜரிகை வேலை அதில் தெரியும். ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது.

சின்னம் போய்விட்ட கோட்டைக்கூட உதறிவிடாதீங்க. தோளை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் ஊசித் துளைகளும், வெயில் படாத அடர்நிறத் திட்டும் தெரியும். ஓரம் சதுரமாக இருந்தால் 3-ஆம் டிவிஷனாக இருக்கலாம். அம்புமுனை என்றால் டெக்சஸின் 36. வளைவின் நடுக்கல் வடிவம் என்றால் பென்சில்வேனியாவின் 28. முனையில் நிற்கும் சதுரம் 45. அவர்கள் மஞ்சள் ஸ்வஸ்திகாவைத்தான் சின்னமாக வைத்திருந்தார்கள், ஹிட்லரால் அதைக் கைவிட்டு இடிப்பறவைக்கு மாறினார்கள். அந்தத் திட்டின் மேல் அளவான புதுச் சின்னம் ஒன்றைத் தைத்து ‘சரி செய்ய’ கை துறுதுறுக்கும். அளந்து, படம் எடுத்து, உள்ளே இருக்கும் மையெழுத்தையும் கூடவே எழுதி வைத்துக்கொண்டு, கோட்டை அப்படியே விட்டுவிடலாம்.