குத்தாமல் ஈரலை அறிதல்

ஈரலின் நிலையை அறிய அதில் ஊசியைக் குத்தித் துணுக்கு எடுப்பதே நெடுங்கால வைத்திய வழக்கம். 1958இல் இத்தாலிய வைத்தியர் மென்கினி தமது புதிய ஊசிமுறையை வெளியிட்டபின், அது ஒரு வினாடிக் காரியமாயிற்று. ஹீமோபீலியா நோயாளருக்கோ அந்த ஒரு வினாடியே ஆபத்து. குருதி உறையாதவரின் ஈரலில் இட்ட துளை வயிற்றறைக்குள் கசிந்துகொண்டேயிருக்கும். உறைகாரணியை முன்னும் பின்னும் ஏற்றியே அதனைச் செய்ய இயலும்.

கொடுமை என்னவெனில், அப்பரிசோதனை மிகவும் தேவைப்பட்டவர்களும் அவர்களே. எங்கள் பத்திரிகைகளில் இந்நோய் விக்டோரியா மகாராணியின் பரம்பரைக் கதையாகவே வந்துகொண்டிருந்தது. எனக்கு அதன் இரண்டாம் பாகமே பெரிதாகப் படுகிறது. 1970களில் மேலைநாடுகளில், ஆயிரக்கணக்கானோரின் பிளாஸ்மாவை ஒன்றாகக் கலந்து உறைகாரணி மருந்து தயாரித்தனர். ஒருவரிடம் கிருமி இருந்தாலும் முழுத் தொகுதியும் நஞ்சாயிற்று. மருந்தைச் சூடாக்கிக் கிருமியழிக்கும் முறை 1980களின் நடுப்பகுதியிலேயே பரவியது. ஈரலை அரித்த ஹெப்படைட்டிஸ் சி வைரசுக்கு 1989வரை பெயர்கூட இல்லை. பிரித்தானியாவில் 30,000க்கும் மேற்பட்டோர் குருதியாலும் குருதி மருந்துகளாலும் தொற்றுக்குள்ளானதை, நீதிபதி பிரையன் லாங்ஸ்டாஃப்பின் விசாரணை அறிக்கை 2024 மே 20இல்தான் முழுமையாகப் பதிவு செய்தது. உயிர்காத்த மருந்தே ஈரலைக் கெடுத்தது. கெட்ட அளவை அறியவும் வழியில்லை.

வழி 2003இல் பிறந்தது. பிரான்சில் உருவான ஃபைப்ரோஸ்கேன் கருவி விலாவின் மேல் மெல்லத் தட்டி, அவ்வதிர்வு ஈரலினூடே செல்லும் வேகத்தை அளக்கும். இறுகிய ஈரலில் அலை விரைந்தோடும்.

கருவி இல்லாத ஊருக்கும் 2006இல் ஒரு கணக்கு வந்தது: ஃபிப்-4. வயதை ஏ.எஸ்.டி. நொதியத்தின் அளவால் பெருக்கி, குருதிச் சிறுதட்டுக்களின் எண்ணிக்கையை ஏ.எல்.டி. நொதிய அளவின் வர்க்கமூலத்தால் பெருக்கிவரும் தொகையால் வகுக்கவேண்டும். விடை 1.45க்குக் கீழெனில் ஈரலில் கடுந்தழும்பு இருத்தல் அரிது, 3.25ஐத் தாண்டினால் ஐயம் வலுக்கும்.

மன்னார்க் கரையை மனதில் வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். வயது 40, ஏ.எஸ்.டி. 40, ஏ.எல்.டி. 36, சிறுதட்டுக்கள் 200 ஆயிரம் உடைய ஒருவருக்கு விடை ஏறத்தாழ 1.33. அவரே கரைவலை இழுத்துத் தசைக்குள் குருதி கசிந்த நிலையில் வந்தால்? ஏ.எஸ்.டி. தசையிலும் உண்டு. மற்றவை மாறாது அது மட்டும் 120 ஆனால் விடை 4. ஈரல் பழையபடியே இருக்க, தாளில் அது கெட்டுவிடும்! ஆகவே தசை ஆறியபின் மீண்டும் குருதி எடுத்துப் பார்த்தல் அவசியம். ஊசித் துணுக்கும் பிழையற்றதன்று. அது முழு ஈரலில் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கே.

2013க்குப் பின் வந்த மாத்திரைகள் ஹெப்படைட்டிஸ் சியைப் பெரும்பாலும் 12 வாரங்களில் குணமாக்குகின்றன. எனினும் ஏற்கெனவே இறுகிய ஈரலில் புற்றுநோய் வரும் வாய்ப்பு எஞ்சுகிறது. மரபணுச் சிகிச்சையிலும் ஈரலின் நிலை முக்கியம்: ஐரோப்பாவில் 2022இல் அனுமதி பெற்ற ஹீமோபீலியா ஏ சிகிச்சை ஈரலையே தொழிற்சாலையாகக் கொள்வது, ஈரல் நலமற்றவருக்கு அக்கதவு திறவாது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியினர் வேறு வழி சென்றனர். நோயாளியின் குருதிக் குருத்தணுக்களிலேயே மரபணுவைச் சேர்த்து ஐவருக்குச் சிகிச்சை அளித்து, 2024 டிசம்பரில் முடிவுகளை வெளியிட்டனர்.