விசிறி பிடித்த வல்லரசு

மோசிகீரனார் கதை ஞாபகம் இருக்கிறதா? பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். பயணக் களைப்போடு அரண்மனைக்குள் நுழைந்த புலவர், முரசு வைக்கும் கட்டில் என்று தெரியாமல் அதில் ஏறிப் படுத்துத் தூங்கிவிட்டார். வேறு யாராக இருந்தாலும் தலை போயிருக்கும். ராஜா வந்தான். பார்த்தான். வாளை உருவவில்லை. விசிறியை எடுத்து வீச ஆரம்பித்துவிட்டான். அவன் பெயர் பெருஞ்சேரல் இரும்பொறை.

கடையெழு வள்ளல்கள் என்று இன்னொரு பாடம் வந்திருக்கும். அந்த ஏழு பேரில் ஒருவன் கொல்லிமலை வல்வில் ஓரி. அவன் தலையும் மலையும் யாருக்காகப் போயின என்று கேட்டால், வரலாற்றாசிரியர்கள் கை காட்டுவது இதே விசிறி ராஜாவைத்தான். இரண்டு பாடத்தையும் சேர்த்துவைத்து யாரும் நடத்துவதில்லை. பாவம், வாத்தியார்களுக்கும் நேரம் வேண்டுமே.

சுமார் 1,800 வருடங்களுக்கு முன்னால் கொங்குச் சீமையின் வல்லரசு என்றால் அது இரும்பொறைகள்தான். கரூருக்குப் பக்கத்தில் புகளூர்க் குன்றில் இந்த வம்சத்தின் மூன்று தலைமுறையைச் சொல்லும் தமிழ் பிராமிக் கல்வெட்டு இருக்கிறது. அங்கிருந்து வடகிழக்கே பார்த்தால் கொல்லிமலை. இன்றைக்கு 70 கொண்டை ஊசி வளைவு சுற்றித்தான் மேலே போக வேண்டும். தேன், பலா, தினை என்று மலையில் எல்லாம் உண்டு. ஆனால் சேரனின் கண் அதற்கும் அப்பால், வடக்கே இருந்த தகடூர்மேல். இன்றைய தருமபுரி. அதியமானின் ஊர். கொல்லி கைக்கு வந்தால் அதியமானின் தெற்கு வாசலில் திண்ணை போட்டு உட்கார்ந்த மாதிரி.

வல்லரசுகள் எல்லா வேலையையும் தாங்களே செய்வதில்லை. திருக்கோவலூர்ப் பக்கத்து மலையமான் திருமுடிக்காரி களத்தில் இறங்கினான். துணைக்கு வரச்சொல்லி மூவேந்தருமே இவனுக்குப் பொருள் அனுப்புவார்கள் என்கிறார் கபிலர். அவர் பாராட்டாகத்தான் சொல்கிறார். நாம் இன்றைக்குக் கூலிப்படை என்போம். ஆனால் காரிக்கு ஒரு சொந்தக் கணக்கும் இருந்தது. அவனுடைய கோவலூரை அதியமான் அடித்து நொறுக்கியதை ஔவையார் பாடியிருக்கிறார். வீடு எரிந்தவனுக்குப் பக்கத்து ஊர்க்காரன்தான் எதிரி. தூரத்துப் பெரிய ராஜா ரட்சகன். காரி ஓரியைக் கொன்றான். மலையைச் சேரனிடம் கொடுத்தான்.

மலையில் இருந்தவர்களுக்கு இது எப்படித் தெரிந்தது? நற்றிணையில் கபிலர் ஒரு காதல் விவகாரத்தைச் சொல்லிக்கொண்டே வருகிறார். ஊரே கூச்சல் போட்டது என்று சொல்ல உவமை தேடுகிறார். ஓரியைக் கொன்றுவிட்டு அவன் பெருந்தெருவில் காரி நுழைந்தபோது எழுந்த கூச்சலைச் சொல்கிறார். காரியை வாயாரப் புகழ்ந்த அதே கபிலர்! அந்த அலறல் அவர் காதிலும் விழுந்திருக்கிறது.

சோழனும் பாண்டியனும் என்ன செய்தார்கள்? அதுவரை அதியமானுக்கு அவர்கள் ஒன்றும் மாமன் மச்சான் இல்லை. ஆனால் கொல்லிக் கூற்றத்துப் போரில் அதியமானோடு இரு பெரும் வேந்தரையும் சேர்த்தே சேரன் வென்றான் என்கிறது பதிற்றுப்பத்தின் எட்டாம் பதிகம். அன்பினால் வந்த கூட்டணி மாதிரித் தெரியவில்லை. அடுத்தது நாம்தான் என்ற பயம்.

2003-ல் ஈராக் மீது அமெரிக்கா படை எடுத்ததே, அப்போதும் இப்படித்தான். பிரான்சும் ஜெர்மனியும் கூடாது என்றன. நேட்டோவில் கூடவே இருக்கிற துருக்கியின் பாராளுமன்றம், மார்ச் 1-ம் தேதி, எங்கள் மண் வழியாகப் படை போகக்கூடாது என்று கைவிரித்தது. போலந்தோ ஓடிப்போய் வீரர்களை அனுப்பியது. 1989 வரை மாஸ்கோவின் பிடியில் நசுங்கிய தேசம் அது. அதற்குப் பாக்தாத் முக்கியமில்லை; பக்கத்தில் இருந்த ரஷ்யாதான் முக்கியம். காரிக்குக் கொல்லியைவிடத் தகடூர் முக்கியமாக இருந்த மாதிரி.

சரி, சேரன் கடைசியில் தகடூரையும் அழித்தான். 'தகடூர் எறிந்த' என்ற பட்டம் அவன் பெயரோடு ஒட்டிக்கொண்டது. அவனைப் பத்துப் பாட்டில் பாடிய அரிசில்கிழாருக்கு ஒன்பது லட்சம் பொற்காசும் சிம்மாசனமும் தர முன்வந்தானாம். சிம்மாசனத்தை நீயே வைத்துக்கொள் என்று சொல்லி அமைச்சர் பதவியை ஏற்றார் புலவர். அவர் கண்ணுக்குச் சேரன் எப்படித் தெரிந்திருப்பான் என்று சொல்ல வேண்டுமா என்ன? பிற்பாடு சேரர் காசு ஒன்றில் 'கொல்லிப்புறை' என்றே பெயர் பொறித்தார்கள். மலை, காசில் ஏறிவிட்டது.

மலைமேல் கணக்கு வேறு. செம்மேட்டில் குதிரைமேல் நிற்பது ஓரியின் சிலை. ஆடி மாதம் அரசாங்கம் விழா எடுப்பதும் அவனுக்குத்தான்.

காரியின் குடி? பின்னொரு சமயம் சோழன் கிள்ளிவளவன், மலையமானின் சின்னப் பிள்ளைகளைப் பிடித்து வந்து யானைக் காலில் இடச் சொன்னான். குழந்தைகள் யானையைப் பார்த்து அழுகையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தனவாம். அந்த முறை எந்த வல்லரசும் துணைக்கு வரவில்லை. கோவூர்கிழார் என்ற புலவர்தான் குறுக்கே வந்து பாடினார்.