சிதறால் மலையும் அம்மாவின் இருமலும்

சிதறால் மலைப்பாதையில அம்மா நாலு இடத்துல உட்கார்ந்தாங்க. மூச்சு வாங்கல, வறட்டு இருமல். "பிரஷர் மாத்திரைய நிறுத்துனா சரியாயிரும் மக்களே"ன்னாங்க.

மேலே பாறையில் தீர்த்தங்கரர்களும் அம்பிகையும். 9ஆம் நூற்றாண்டுச் சமணத் தலம் இது. சோறு, கல்வி, அபயத்தோடு மருந்தையும் தானமாக வைத்தவர்கள் சமணர்கள். ஏலாதி, சிறுபஞ்சமூலம் எழுதிய இருவரும் சமணரே; ரெண்டுமே மருந்துப் பெயர்கள். (இன்னைக்கு ஒருத்தர் புத்தகத்துக்கு 'பாராசிட்டமால்'னு பேர் வைப்பாரா?)

அம்மா சாப்பிட்டது எனலாப்ரில். அந்த வகையில் முதலில் வந்த மாத்திரை கேப்டோப்ரில். பிரேசில் நாட்டுக் குழிவிரியன் விஷத்தை ஆராயப்போய்க் கிடைச்சது. அமெரிக்காவில் 1981ல அனுமதி. இரத்த அழுத்தத்தை ஏற்றும் ஒரு நொதியை இது தடுக்கும். அதே நொதிதான் பிராடிகைனின் என்ற பொருளையும் உடைக்கணும். உடையாம அது மூச்சுக்குழாய்ல சேர்ந்தா, சிலருக்கு இருமல்.

தானா நிறுத்தினா இருமல் போகும், பிரஷர் சத்தமில்லாம ஏறும். அம்மா ஆறு மாசமா டாக்டர்கிட்ட சொல்லவே இல்லை. "அவருகிட்ட போய் குறை சொல்லவா?"

சொன்னதும் டாக்டர் லோசார்டானுக்கு மாற்றினார். மூணாவது வாரம் இருமல் நின்னுது.