ஆர்.வி-க்கு சர்ஜ் புரொடெக்டர்: கையோடு எடுத்துப்போவதா, வண்டிக்குள்ளேயே ஒயரிங் பண்ணிவிடுவதா?

அமெரிக்காவில் இருக்கும் நண்பர்களின் இன்ஸ்டா ஸ்டோரியில் ஆர்.வி-யை நிச்சயம் பார்த்திருப்பீங்க. கிச்சன், பெட்ரூம், பாத்ரூம், ஏ.சி என ஒரு குட்டி வீட்டையே சக்கரத்தில் ஏற்றி, யெல்லோஸ்டோன், கிராண்ட் கேன்யன் என்று சுற்றுவார்கள். அங்கே இருக்கும் நீங்களும் ஒன்று வாங்கும் யோசனையில் இருந்தால், டயர், பிரேக், இன்ஷூரன்ஸ் எல்லாம் பார்ப்பீங்க. பலரும் கடைசியில் யோசிக்கும் விஷயம் கரன்ட். ஆனால், முதல் டிரிப்பிலேயே உங்கள் பர்ஸைப் பதம் பார்க்கக்கூடியது அதுதான்.

காரணம் சிம்பிள். வீட்டில் இருந்தால் உங்களுக்கு ஒரே ஒரு ஈ.பி கனெக்‌ஷன். அது எப்படி இருக்கும், எப்போ லோ வோல்டேஜ் வரும் என்பதெல்லாம் பழகிவிடும். ஆர்.வி-யில் ஒவ்வொரு இரவும் புதுசா ஒரு கனெக்‌ஷன். கேம்ப்கிரவுண்டில் உங்கள் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு கம்பத்தில் பெட்டி இருக்கும். அதுக்குப் பெயர் பெடஸ்டல். அதில்தான் வண்டியின் கேபிளைச் சொருகணும். அந்தப் பெட்டிக்கு யார் ஒயரிங் செய்தார், எப்போ செய்தார், போன வாரம் அதில் சொருகியவர் சாக்கெட்டை என்ன பாடுபடுத்தினார்... எதுவும் உங்களுக்குத் தெரியாது.

அதனால்தான் கரன்ட்டுக்கும் வண்டிக்கும் நடுவில் ஒரு காவல்காரன் வேணும். கடைக்குப் போனால் இரண்டு வகை காட்டுவார்கள். பெடஸ்டலில் சொருகிவிட்டு, கிளம்பும்போது கழற்றி எடுத்துப்போகும் போர்ட்டபிள் ஒன்று. வண்டிக்குள்ளேயே நிரந்தரமாக ஒயரிங் செய்துவிடும் ஹார்டுவயர்டு இன்னொன்று. எது பெஸ்ட் என்று கேட்பதற்கு முன்னால், எல்லோரும் தாண்டிப்போகும் ஒரு கேள்வி இருக்கு. அதை முதலில் முடிச்சிடுவோம்.

பெயர் ஒன்று, வேலை வேற

"சர்ஜ் புரொடெக்டர்" என்ற பெயரில் இரண்டு வெவ்வேறு பொருள்களை விற்கிறார்கள். சுமார் 100 டாலருக்குக் கிடைப்பது வெறும் சர்ஜ் தடுப்பான். இடி, மின்னலாலோ லைனில் ஏதோ கோளாறாலோ ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் வோல்டேஜ் எகிறினால் அதை வாங்கி விழுங்கும். அவ்வளவுதான் அதன் வேலை. நம் வீட்டு ஸ்பைக் பஸ்டருக்கு அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்க. பெரும்பாலும் ஒயரிங் சரியா என்று காட்ட சில விளக்குகள் இருக்கும். ஆனால், கோளாறு இருந்தால் விளக்கு மட்டும்தான் எரியும், கரன்ட்டைத் தடுக்காது.

இன்னொன்று இ.எம்.எஸ். எனர்ஜி மேனேஜ்மென்ட் சிஸ்டம் என்று பெரிய பெயர். இது 250 டாலரில் ஆரம்பித்து 400-க்கு மேலும் போகும். சர்ஜை விழுங்குவதோடு, வோல்டேஜ் கூடுதா, குறையுதா, நியூட்ரல் இருக்கா, எர்த் இருக்கா, ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருக்கா என்று இடைவிடாமல் பார்க்கும். ஏதாவது ஒன்று தப்பு என்றால் வண்டிக்குள் கரன்ட்டையே விடாது. ஓடிக்கொண்டிருக்கும்போது தப்பானாலும் உடனே கட் பண்ணிவிடும்.

இந்த வித்தியாசம் ஏன் முக்கியம்? ஆர்.வி-யில் பொருள்கள் சாவது பெரும்பாலும் மின்னலால் இல்லை. ஜூலை மாச சாயங்காலத்தை யோசிச்சுப் பாருங்க. கேம்ப்கிரவுண்ட் ஃபுல். எல்லா வண்டியிலும் ஏ.சி ஓடுது. 120 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 100 வோல்ட்தான் வருது. ஏ.சி கம்ப்ரஸர் அதே வேலையைச் செய்ய அதிக ஆம்பியர் இழுக்கும், சூடாகும், ஒருநாள் மொத்தமாகப் படுத்துவிடும். கூரை ஏ.சி-யை மாற்ற 1,000 டாலருக்கு மேல் ஆகும். வெறும் சர்ஜ் தடுப்பான் இதையெல்லாம் வேடிக்கைதான் பார்க்கும். புரோகிரெசிவ் இண்டஸ்ட்ரீஸ் போன்ற கம்பெனிகளின் இ.எம்.எஸ், வோல்டேஜ் 104-க்குக் கீழே போனாலோ 132-க்கு மேலே போனாலோ இணைப்பைத் துண்டித்துவிடும்.

அடுத்தது, நியூட்ரல் அறுவது. நம்ம ஊரில் டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் நியூட்ரல் போய், தெருவில் வரிசையாக எல்லார் வீட்டு டிவியும் புகைஞ்ச கதையைக் கேட்டிருப்பீங்க இல்லையா? அதேதான். பெரிய ஆர்.வி-களுக்கு 50 ஆம்ப் கனெக்‌ஷன். அதில் தலா 120 வோல்ட் கொண்ட இரண்டு ஃபேஸ் ஒயர், இரண்டுக்கும் நடுவில் 240 வோல்ட். நியூட்ரல் லூஸானால் அந்த 240, வண்டிக்குள் என்னென்ன ஓடுதோ அதைப் பொறுத்து கன்னாபின்னா என்று பிரியும். ஒரு பக்கம் 60, இன்னொரு பக்கம் 180 என்றுகூட ஆகலாம். மைக்ரோவேவ், டிவி, ஃபிரிட்ஜ் போர்டு, பேட்டரி சார்ஜர் எல்லாம் சில நொடியில் காலி.

சின்ன வண்டிக்கு வேறொரு கண்டம் இருக்கு. 30 ஆம்ப் ஆர்.வி சாக்கெட் 120 வோல்ட்தான். ஆனால், பார்ப்பதற்கு துணி காயவைக்கும் டிரையரின் 240 வோல்ட் சாக்கெட் மாதிரியே இருக்கும். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி சார்ஜ் போடலாம் என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டால், அவர் ஆர்.வி பழக்கமில்லாதவராக இருந்தால், டிரையர் நினைப்பில் 240-ஐக் கொடுத்துவிட்டுப் போக வாய்ப்பு இருக்கு. நல்ல எலக்ட்ரீஷியன்களே இந்தத் தப்பைச் செய்வதுண்டு. இ.எம்.எஸ் இருந்தால் அதைப் பார்த்துவிட்டு உள்ளே விடாது.

ஆக, போர்ட்டபிளோ ஹார்டுவயர்டோ, வாங்கினால் இ.எம்.எஸ் வாங்குங்க. பட்ஜெட் இல்லையென்றால் 100 டாலர் சர்ஜ் தடுப்பானை வாங்குவதைவிட, ரெண்டு மாசம் காசு சேர்த்து இதை வாங்குவது நல்லது என்பது என் கருத்து.

இப்போ வருவோம் சண்டைக்கு

போர்ட்டபிளின் பெரிய பலம், அதுக்கு மெக்கானிக் வேண்டாம். பெட்டியைப் பிரித்து, பெடஸ்டலில் சொருகினால் வேலை முடிஞ்சது. வண்டியை விற்றாலும் அது உங்களோடே வரும். அடுத்த வண்டிக்கும் ஆகும், நண்பனுக்கு இரவலும் கொடுக்கலாம். ரிப்பேரானால் கழற்றிவிட்டு அன்றைய பொழுதை ஓட்டலாம். இன்னொரு நல்ல விஷயம், வண்டியை இணைப்பதற்கு முன்பே, இது மட்டும் தனியாக பெடஸ்டலைச் சோதிக்கும். தப்பு இருந்தால், பாதி பொருளை இறக்கி வைப்பதற்கு முன்னாடியே ஆபீஸில் போய் "வேற சைட் கொடுங்க" என்று கேட்டுவிடலாம்.

அதன் பலவீனமும் அதே இடத்தில்தான். 300 டாலர் பொருள் ராத்திரி முழுக்க வெளியே தொங்குது. திருடுபோகும். பூட்டு மாட்டும் வசதி பல மாடல்களில் உண்டு, தனியாக இரும்புக் கயிறு போட்டும் பூட்டலாம். ஆனாலும், மனசில் ஒரு மூலையில் உறுத்தல் இருக்கும். மழை, வெயிலைத் தாங்கும்படிதான் செய்கிறார்கள், தண்ணீர் தேங்கும் இடத்தில் தரையில் போடக் கூடாது. 50 ஆம்ப் மாடல் நல்ல கனம். பழைய, தேய்ந்த சாக்கெட்டில் அதன் எடை தொங்கினால் காண்டாக்ட் லூஸாகும், லூஸானால் சூடாகும், சூடானால் பிளக் உருகும். உருகுவது உங்கள் விலை உயர்ந்த யூனிட்டின் பிளக். அதனால் அனுபவசாலிகள் பெடஸ்டலுக்கும் யூனிட்டுக்கும் நடுவில் ஒரு குட்டி கேபிளைப் போட்டுவிடுவார்கள். போனால் அது போகட்டும் என்று.

எல்லாவற்றையும்விடப் பெரிய பலவீனம், மறதி. ராத்திரி 10 மணிக்கு மழையில் கேம்ப்கிரவுண்டுக்கு வந்து சேர்கிறீங்க. குழந்தை அழுது. கேபிளை நேரே பெடஸ்டலில் சொருகிவிட்டுப் படுத்துவிடுவீங்க. புரொடெக்டர் டிக்கியில் பத்திரமாக இருக்கும்!

ஹார்டுவயர்டு ஜெயிக்கும் இடம் இதுதான். மறக்க முடியாது, திருட முடியாது, நனையாது. கேபிள் வண்டிக்குள் வரும் இடத்துக்கும் உள்ளே இருக்கும் பிரேக்கர் பெட்டிக்கும் நடுவில் உட்கார்ந்துகொள்ளும். பெரும்பாலான மாடல்களோடு ஒரு சின்ன டிஸ்பிளே வரும். அதை கிச்சன் பக்கம் ஒட்டிவிட்டால், சோபாவில் உட்கார்ந்தபடியே வோல்டேஜையும் ஆம்பியரையும் பார்க்கலாம். 30 ஆம்ப் வண்டியில் இது சாதாரண வசதியில்லை. மொத்தமே 3,600 வாட்தான் உங்கள் கையில். ஏ.சி ஓடும்போது மைக்ரோவேவைப் போடலாமா என்று அந்த எண்ணைப் பார்த்து முடிவு பண்ணலாம். 50 ஆம்ப் என்றால் 12,000 வாட், அவ்வளவு கணக்கு பார்க்க வேண்டாம். இந்த வசதி போர்ட்டபிளிலும் இப்போ வந்துவிட்டது. ஹியூஸ் பவர் வாட்ச்டாக் போன்றவை புளூடூத்தில் உங்கள் மொபைலுக்கே எண்களை அனுப்பும்.

குறை என்ன? மாட்டணும். மெயின் கேபிளை வெட்டி இணைக்கும் வேலை. 50 ஆம்ப் ஒயர் விரல் தடிமனில், வளையாமல் அடம்பிடிக்கும். மெயின் கரன்ட்டில் கைவைத்துப் பழக்கமில்லையென்றால் ஆர்.வி டெக்னீஷியனைக் கூப்பிடுங்க. அவர் கூலி தனி. யூடியூப் பார்த்துச் செய்யும் முதல் எலக்ட்ரிக் வேலையாக இது இருக்க வேண்டாம். பழுதானால் கழற்றுவதும் அதே பாடு. வாங்குவதற்கு முன், டிஸ்பிளேயில் பைபாஸ் சுவிட்ச் இருக்கா என்று பாருங்க. யூனிட் பாதி வழியில் படுத்தால் அதுதான் கைகொடுக்கும்.

வண்டியில் ஜெனரேட்டர் இருந்தால் இன்னொரு முடிவும் எடுக்கணும். பெடஸ்டல் கரன்ட்டா, ஜெனரேட்டர் கரன்ட்டா என்று மாற்றிவிடும் டிரான்ஸ்ஃபர் சுவிட்சுக்குப் பின்னால் மாட்டினால் இரண்டுக்கும் காவல் கிடைக்கும். முன்னால் மாட்டினால் பெடஸ்டலுக்கு மட்டும்தான், ஆனால் அந்த சுவிட்சும் பாதுகாப்பாக இருக்கும். தனியாக வாங்கித் தூக்கிப்போகும் சின்ன இன்வெர்ட்டர் ஜெனரேட்டர் என்றால் ஒரு சிக்கல். பலவற்றில் நியூட்ரலையும் எர்த்தையும் இணைத்திருக்க மாட்டார்கள். இ.எம்.எஸ் அதை "எர்த் இல்லை" என்று படித்து, கரன்ட்டை விட மறுக்கும். யூனிட் பழுது என்று திருப்பி அனுப்பிவிடாதீங்க. அதற்கென்றே நியூட்ரல் பாண்டிங் பிளக் விற்கிறது.

நீங்க எந்தப் பக்கம்?

ஒரு வார டிரிப்புக்கு வாடகை வண்டி எடுப்பவர் என்றால் 300 டாலர் செலவு பண்ண வேண்டாம். வண்டிக்காரரிடம் "சர்ஜ் புரொடெக்டர் தர்றீங்களா?" என்று முதலிலேயே கேளுங்க. முதல் வண்டி, அதுவும் செகண்ட் ஹேண்ட், ரெண்டு மூணு வருஷத்தில் மாற்றும் எண்ணம் என்றால் யோசிக்காமல் போர்ட்டபிள். வண்டி இதுதான் என்று செட்டிலாகிவிட்டீங்க, மாசத்துக்குப் பல ராத்திரி அதில்தான் தூக்கம், அல்லது வேலையே அதிலிருந்துதான் என்றால் ஹார்டுவயர்டுக்குப் போங்க. 30-ஆ, 50-ஆ என்பதை உங்கள் வண்டியைப் பார்த்து முடிவு பண்ணுங்க, கேம்ப்கிரவுண்டைப் பார்த்து அல்ல. சாக்கெட் வேறாக இருந்தால் அடாப்டர் போட்டுக்கொள்ளலாம்.

அட்டையில் பெரிசாகப் போட்டிருக்கும் ஜூல் எண்ணில் ரொம்ப மயங்க வேண்டாம். உள்ளே இருக்கும் வேரிஸ்டர் ஒவ்வொரு சர்ஜையும் விழுங்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். எண் கூடுதல் என்றால் கூடுதல் சர்ஜ் தாங்கும், அவ்வளவுதான். யு.எல் 1449 தரச்சான்று இருக்கா, தேய்ந்த பகுதியை மட்டும் மாற்ற முடியுமா என்று பாருங்க. பக்கத்திலேயே இடி விழுந்தால் எந்த யூனிட்டும் கேரன்டி இல்லை. இடி மின்னல் நெருங்குவதற்கு முன்பே கேபிளைக் கழற்றிவிடுவதுதான் ஒரே வழி. தலைக்கு மேலேயே வந்துவிட்டால் வெளியே இறங்கிப் போய்க் கழற்றாதீங்க.

இரண்டுமே தடுக்காத ஆபத்து

இதை மட்டும் கவனமா படிங்க. ஆர்.வி ரப்பர் டயர் மேல் நிற்கிறது. எர்த் சரியில்லாமல், எங்கேயோ கரன்ட் கசிந்தால் வண்டியின் உலோக உடம்பு முழுக்க ஷாக் அடிக்கும். ஈரத் தரையில் செருப்பில்லாமல் நிற்கும் குழந்தை கதவைத் தொட்டால் உயிருக்கே ஆபத்து. எர்த் இல்லையென்றால் இ.எம்.எஸ் கண்டுபிடித்து நிறுத்திவிடும். ஆனால், எர்த் ஒயரிலேயே கரன்ட் வந்தால்? எர்த் ஒயரை மட்டும் எந்த இ.எம்.எஸ்ஸும் துண்டிக்காது, அது நேரே வண்டியின் உடம்போடு சேர்ந்தே இருக்கும். பழைய வீடுகளின் கேரேஜ் சாக்கெட்டில், எர்த் இல்லாததை மறைக்க நியூட்ரலோடு எர்த்தை முடிச்சுப் போட்டு, அதோடு ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருந்தால் இதுதான் நடக்கும். சாக்கெட்டில் சொருகிப் பார்க்கும் மூன்று விளக்கு டெஸ்டரும் "எல்லாம் சரி" என்றே காட்டும், இ.எம்.எஸ்ஸும் ஏமாறும்.

அதைப் பிடிப்பது, தொடாமலேயே கரன்ட்டைக் கண்டுபிடிக்கும் பேனா டெஸ்டர். விலை 20 டாலரை ஒட்டி இருக்கும். கேபிளைச் சொருகியதும் வண்டியைத் தொடுவதற்கு முன், கதவுக்குப் பக்கத்தில் கொண்டுபோங்க. கத்தினால் தொடாதீங்க, பெடஸ்டல் பிரேக்கரை ஆஃப் பண்ணிவிட்டு கேபிளைப் பிடுங்கிடுங்க.

சொருகும் வரிசையும் இதுதான்: பிரேக்கர் ஆஃப், போர்ட்டபிளைச் சொருகு, பிரேக்கர் ஆன், டிஸ்பிளே சரி என்று சொல்லும்வரை காத்திரு, மறுபடி ஆஃப், வண்டி கேபிளை மாட்டு, ஆன், பேனா டெஸ்டர். ஹார்டுவயர்டு என்றால் நடுவில் சில படிகள் குறையும். ஆன் செய்ததும் உள்ளே கரன்ட் வரலையே என்று பதற வேண்டாம். ஏ.சி கம்ப்ரஸரைக் காப்பாற்ற வேண்டுமென்றே தாமதம் வைத்திருப்பார்கள், சில மாடல்களில் அது 136 நொடி வரை போகும்.